ஆட்சி மாறியது, அடங்கல் மாறவில்லை

(குத்தகை, வாரச் சாகுபடி விவசாயிகளின் உரிமைக்காக நடைபெறும் காத்திருப்புப் போராட்டத்தை விளக்கி மன்னார்குடி பந்தலடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. ஊர்தோறும் படித்துக் காட்டவும் கலந்து பேசவும் சங்கத்தின் சார்பில் வெளியிடப்படுகிறது.)



வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கீங்க. சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கோயில் நிலம், மடத்து நிலம், அடுத்தவர் நிலம், இதில் ஏதாவது ஒன்றைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ சாகுபடி பண்றவங்க கையைத் தூக்குங்க. பாருங்க, பாதிக் கூட்டத்துக்கு மேல் கை நிற்குது. சரி. அந்தக் குத்தகை நிலத்துக்காகப் பிரதமர் கிசான் பணம் ஒரு தவணையாவது வாங்கினவங்க மட்டும் கையை அப்படியே வைச்சிருங்க. மத்தவங்க இறக்கிடலாம்.

ஒரு கை கூட இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

இரண்டாயிரம் யாருக்கு வந்தது?

2019 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால பட்ஜெட்டில் மத்திய அரசு இந்தத் திட்டத்தை அறிவித்தது. அதே மாதம் 24-ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கி வைத்தார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000, 2,000, 2,000. முதலில் 5 ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். தேர்தல் முடிந்ததும் நிலம் உள்ள எல்லா விவசாயிக்கும் என்று விரித்தார்கள். 2025 நவம்பர் 19-ஆம் தேதி கோயம்புத்தூரில் பிரதமரே வந்து 21-வது தவணையை விடுவித்தார்.

21 தவணை என்றால் எவ்வளவு? 42,000 ரூபாய். ஒன்பது மா குத்தகைக்கு வாங்கி, விதை நெல்லுக்கு ஒரு கடன், உரத்துக்கு ஒரு கடன், அறுவடை மெஷினுக்கு ஒரு கடன் என்று நிற்கிற மனுஷனுக்கு 42,000 ரூபாய் சின்னத் தொகையா? வட்டிக்கடைக்கு மனைவி நகை போகாமல் இருந்திருக்கும்.

ஏன் வரவில்லை? விதியைப் படித்துப் பாருங்கள். 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் பணம். அதற்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கும் கிடையாது. அப்பா இறந்து மகன் பெயருக்கு மாறினால் மட்டும் உண்டு. குத்தகைக்காரர் என்ற வார்த்தைக்கு அங்கே இடமே இல்லை. சென்னையில் உட்கார்ந்து கொண்டு வரப்பைப் பார்த்துப் பத்து வருஷம் ஆனவராக இருந்தாலும், வருமான வரி கட்டாதவராக, பெரிய பென்ஷன் வாங்காதவராக இருந்து பட்டா கையில் இருந்தால் அவர் விவசாயி. சேற்றில் நிற்கிறவர் விவசாயி இல்லை. திட்டத்தின் பெயரில் 'கிசான்' இருக்கிறது. கிசான் என்றால் விவசாயி. பட்டாதாரர் என்று பெயர் வைத்திருந்தால் நாமும் ஏமாந்திருக்க மாட்டோம்.

சாமிக்கு ஆதார் எடுக்க முடியுமா?

மற்ற மாவட்டத்தை விட நம்ம டெல்டாவில் இது ஏன் அதிகமாக வலிக்கிறது? நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்குத் தமிழ்நாடு முழுக்க 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக அந்தத் துறையே சொல்கிறது. மடங்கள், அறக்கட்டளைகள் நிலம் தனி. காவிரிப் பாசனத்தில் சோழர் காலத்திலிருந்து எழுதி வைத்த நிலம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்த நிலத்தைச் சாமி உழுவதில்லை. தாத்தா உழுதார், அப்பா உழுதார், இப்போ நாம உழுகிறோம்.

அந்த நிலத்துக்குப் பட்டா யார் பெயரில்? சாமி பெயரில். சாமிக்கு ஆதார் எடுக்க முடியுமா? இ-சேவை மையத்தில் கைரேகை வைக்க முடியுமா? செல்போனுக்கு ஓ.டி.பி. வருமா? நிறுவனத்தின் பெயரில் உள்ள நிலத்துக்குப் பணம் கிடையாது என்று விதியே சொல்லிவிட்டது. ஆக அந்த நிலத்துக்கு உரியவருக்கும் இல்லை, உழுகிறவருக்கும் இல்லை. அந்த வயலில் விளைகிற நெல் மட்டும் கொள்முதல் நிலையத்துக்கு வேண்டும், ரேஷன் கடைக்கு வேண்டும். விளைவித்தவனை மட்டும் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி நிலமே கொடுத்திருக்கிறது, கம்ப்யூட்டர் கொடுக்க மாட்டேன் என்கிறது.

அதோடு முடிந்ததா? 2022-லிருந்து இ-கே.ஒய்.சி. கட்டாயம் என்றார்கள். நாற்றுப் பறித்தே தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்? சொந்த நிலம் உள்ள பெரியவர்களே இ-சேவை வாசலில் நாலு நடை நடந்தார்கள். 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று முகாம் போட்டார்கள். இனி எந்தத் திட்டப் பயனுக்கும் இந்த எண்தான் சாவி என்றார்கள். அந்த எண்ணையும் பட்டாவோடுதான் கட்டினார்கள். பெருமக்களே, நன்றாகக் கவனியுங்கள். 2019-ல் ஒரு திட்டத்தில்தான் நம்ம பெயர் விட்டுப் போனது. பட்டாவை மட்டும் பார்த்து எண் கொடுத்தால், இனி வரப்போகிற எல்லாத் திட்டத்திலும் சேர்த்து விட்டுப் போகும். இன்றைய போராட்டத்துக்கு அவசரம் அதனால்தான்.

நிலமே இல்லாதவனுக்குக் கிடைத்தது

இவ்வளவு கெடுபிடி போட்ட திட்டத்தில் களவு நடக்கவில்லையா? 2020-ல் என்ன நடந்தது? கொரோனா ஊரடங்கு நேரத்தில், இணையத்தில் தாங்களே பதிவு செய்து கொள்ளலாம் என்று கதவைத் திறந்தார்கள். புரோக்கர்கள் புகுந்தார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியே போனது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் தகுதி இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் பணம் ஏறியது. 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது, பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள்.

யார் கணக்கில் ஏறியது என்றால், நிலமே இல்லாதவர், விவசாயமே தெரியாதவர், 'கொரோனா நிவாரணம்' என்று சொல்லி ஆதார் நகலைப் பறிகொடுத்த ஏழைகள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. புரோக்கருக்குத் திறந்த கதவு குத்தகைக்காரருக்கு ஏன் திறக்கவில்லை என்றுதான் கேட்கிறேன். பட்டாவைப் பார்த்துக் கொடுத்தால் தப்பு நடக்காது என்றார்கள். தப்பும் நடந்தது, உழுதவனுக்கும் கிடைக்கவில்லை. வயலுக்கு வந்து பார்த்துக் கொடுத்திருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது.

சல்லடை போட்டவர்களின் கதை

சலுகையில் சல்லடை போட்டால் அரசியலில் என்ன ஆகும்? நம்ம தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவு இருக்கும். 2001-க்குப் பிறகு காவிரியில் தண்ணீர் இல்லை, குறுவை இல்லை, சம்பாவும் போனது. அந்தக் கஷ்ட காலத்தில்தான் அன்றைய அ.தி.மு.க. அரசு ரேஷனில் கை வைத்தது. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் என்றால் அரிசி இல்லை, கார்டில் 'எச்' முத்திரை. அரிசிக்குக் கூப்பன். 1990-லிருந்து எல்லா விவசாயிக்கும் இலவசமாக இருந்த பம்புசெட் மின்சாரத்துக்கு 2003-ல் கட்டணம் போட்டார்கள். சிறு, குறு விவசாயிக்கு அதை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்றார்கள்.

கேட்டால் நியாயம் போலத் தெரியும். வசதி உள்ளவனுக்கு எதற்கு அரிசி, பெரிய விவசாயிக்கு எதற்கு இலவச மின்சாரம் என்று கேட்பார்கள். ஆனால் யார் ஏழை, யார் வசதி என்று பிரிக்கிற இடத்தில்தான் ஊழல் பிறக்கிறது, ஏழையும் சேர்ந்து வெளியே விழுகிறான். முத்திரை குத்துகிறவன் கையில் அதிகாரம் போகிறது. "எனக்கு முத்திரை வேண்டாம்யா" என்று மனு கொடுக்க வரிசை நிற்கிறது.

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு ஒன்று கூட இல்லை. தோற்ற அதே மாதத்தில் இலவச மின்சாரம் திரும்ப வந்தது, 'எச்' முத்திரை போனது. 2006-ல் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி என்ற வாக்குறுதியோடு ஆட்சி மாறியது. 2008-ல் அது 1 ரூபாய் ஆனது. 2011-ல் திரும்பவும் அ.தி.மு.க. வந்தபோது 20 கிலோ அரிசியே இலவசம் ஆனது. அதற்குப் பிறகு வந்த எந்த அரசும் ரேஷன் அரிசியில் அந்த மாதிரிச் சல்லடை போடத் துணியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அரிசி விஷயத்தில் ஜெயித்த நாம் குத்தகை விஷயத்தில் ஏன் ஜெயிக்கவில்லை? 'எச்' முத்திரை பட்டாதாரர் கார்டிலும் விழுந்தது, குத்தகைக்காரர் கார்டிலும் விழுந்தது, வாத்தியார் கார்டிலும் விழுந்தது. எல்லோருக்கும் சேர்ந்து வலித்தது, எல்லோரும் சேர்ந்து கத்தினோம். கிசான் பணம் அப்படி இல்லை. ஒரே தெருவில் ஒருத்தருக்கு வருகிறது, எதிர்வீட்டுக்காரருக்கு வரவில்லை. வந்தவர் வாயை மூடிக் கொண்டார். வராதவர் தன் தலையெழுத்து என்று நினைத்துக் கொண்டார். ஒற்றுமையை உடைக்கிற வேலையை இரண்டாயிரம் ரூபாய் செய்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. குத்தகை விவசாயி எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலிலும் ஒழுங்கான கணக்கு இல்லை. கணக்கில் இல்லாதவனைக் கட்சிக்காரன் தேடி வருவானா? ஓட்டுப் பட்டியலில் நாம் இருக்கிறோம், விவசாயி பட்டியலில் இல்லை. அதனால் ஓட்டு மட்டும் கேட்டு வருகிறார்கள்.

கஜா நேரத்தில் நடந்தது

2018 நவம்பர் 16. மறக்க முடியுமா? வேதாரண்யம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று தென்னை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்றார்கள். இருபது வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த மரம். அந்த 1,100 வாங்கவும் பட்டியலில் பெயர் வேண்டும். கணக்கெடுப்பில் விட்டுப் போனவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வந்த மந்திரிகளை மறித்தார்கள். திருவாரூர் இடைத்தேர்தலை 2019 ஜனவரி 28-க்கு வைத்த தேர்தல் ஆணையம், நிவாரண வேலை நடந்து கொண்டிருக்கிறது என்ற காரணத்தால் ஜனவரி 7-ஆம் தேதி அதை ரத்து செய்தது. நிவாரணம் முடியாததால் ஓட்டுப்பெட்டியே வராமல் போன மாவட்டம் நம்ம மாவட்டம்.

அடுத்த மாதமே பணம் பொழிந்தது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசின் 2,000. அதே பிப்ரவரியில் மாநில அரசும் 60 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு 2,000 சிறப்பு நிதி என்று சட்டசபையில் அறிவித்தது. இரண்டு கையாலும் கொடுத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்கு 39-ல் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. வடக்கே அந்த 2,000 ஓட்டாக மாறியிருக்கலாம், மத்தியில் அவர்கள் பெரும்பான்மையோடு ஜெயித்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தேவைப்பட்ட நேரத்தில் வராமல், தேர்தல் நேரத்தில் வந்த பணத்துக்கு இங்கே நன்றி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, ஆட்சியைத் தண்டிக்க நமக்குத் தெரியும். அதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இத்தனை தேர்தல் வந்து போனதே, கிராமத்துக் கணக்கில் சாகுபடியாளர் என்ற இடத்தில் உங்க பெயர் ஏறியதா? ஆட்சி மாறியது, அடங்கல் மாறவில்லை. அடங்கல் மாறாதவரைக்கும் எந்த ஆட்சி கொடுக்கிற எந்தப் பணமும் நம்ம வாசலைத் தாண்டித்தான் போகும்.

அண்டை மாநிலத்துப் பாடம்

தெலங்கானாவில் 2018 மே மாதம் ரைத்து பந்து என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 4,000, பிறகு 5,000. நாடே புகழ்ந்தது. அந்த டிசம்பரில் ஆளுங்கட்சி 119-ல் 88 இடம் ஜெயித்தது. ஆனால் அங்கேயும் பணம் பாஸ்புக் உள்ள நிலச் சொந்தக்காரருக்குத்தான். ஐம்பது ஏக்கர்காரருக்கும் கொட்டியது, குத்தகைக்காரருக்குச் சொட்டும் இல்லை. 2023-ல் எதிர்க்கட்சி, குத்தகை விவசாயிக்கும் சேர்த்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 15,000 என்று வாக்குறுதி கொடுத்தது. ஆட்சி மாறியது. 2025 ஜனவரியில் புதுத் திட்டம் தொடங்கியபோது தொகை 12,000 ஆக இருந்தது, குத்தகைக்காரர் அதில் இல்லை. பட்டியல் இல்லாமல் யாருக்குக் கொடுப்பது? பார்த்தீங்களா, அங்கேயும் இதே கதைதான்.

ஒடிசாவில் 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரச் சாகுபடியாளரையும் நிலமற்ற குடும்பத்தையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் 2019-ல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். 11 மாதத்துக்கு ஒரு சாகுபடி அட்டை. அந்த அட்டையால் நிலத்தின் உரிமைக்குப் பாதிப்பு இல்லை என்று சட்டமே சொன்னது. அதை வைத்துக் கடன், காப்பீடு, அரசு உதவி கேட்கலாம். அதிலும் ஓட்டை இருந்தது. நிலச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை. பல பேர் போட மறுத்தார்கள். அந்த ஓட்டையை அடைத்து நாம் கேட்போம்.

நம்ம மாநிலத்திலேயும் உதாரணம் இருக்கிறது. 2011-ல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயியோடு குத்தகைதாரரும் விவசாயத் தொழிலாளியும் சேர்க்கப்பட்டார்கள். பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைதாரர் சேரலாம் என்றுதான் விதி. முடியாது என்பது இல்லை, மனது வைக்கவில்லை என்பதுதான் உண்மை.

நிலம் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை

இங்கே நிலம் குத்தகைக்கு விட்டவர்களும் இருக்கீங்க. உங்களில் பெரும்பாலோர் பண்ணையார் கிடையாது. ரெண்டு ஏக்கர் வைத்துக் கொண்டு, வீட்டுக்காரர் போன பிறகு தனியாக நிற்கிற அம்மாக்கள் இருக்கீங்க. பிள்ளை திருப்பூர் போய்விட்டதால் அங்காளி பங்காளிக்கு நிலத்தைக் கொடுத்த பெரியவர்கள் இருக்கீங்க. அடங்கலில் பெயர் ஏறினால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உங்களுக்குப் பயம். 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீங்க. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

அதனால்தான் ஆந்திராவைச் சொன்னேன். நிலம் யாருடையது என்பது ஒரு கணக்கு. இந்தப் போகத்தில் யார் பயிர் வைத்தார் என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கை எழுதுவதால் முதல் கணக்கு அழியக் கூடாது என்று சட்டம் எழுதச் சொல்லுவோம். இன்றைக்கு நடக்கிறது என்ன? பயிர் அழிந்தால் நிவாரணம் உங்க கணக்குக்கு வருகிறது, நஷ்டம் அவர் தலையில் விழுகிறது. சில நல்ல மனுஷர்கள் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். சில இடத்தில் அண்ணன் தம்பிக்குள் முகம் பார்க்காத சண்டையாகிவிட்டது. நிவாரணம் உழுதவர் கணக்குக்கு நேராகப் போனால் உங்களுக்குக் குத்தகையும் ஒழுங்காக வரும், உறவும் நிற்கும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்தால் வராது. நம்ம பக்கத்து வேலையும் இருக்கிறது.

ஒன்று. கோயில், மடம், அறக்கட்டளை நிலம் வைத்திருப்பவர்கள் தாத்தா பெயரிலேயே ரசீது வாங்கிக் கொண்டிருக்காதீங்க. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து உங்க பெயருக்குக் குத்தகையை மாற்றக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்க. பாக்கி இருந்தால் தவணை கேட்டுக் கட்டத் தொடங்குங்க. ரசீதைப் பத்திரப்படுத்துங்க. ரசீது இல்லாதவருக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

இரண்டு. 1969-ஆம் வருஷத்திலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. சர்வே எண், பரப்பு, சொந்தக்காரர் பெயர், குத்தகைக்காரர் பெயர் எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். விட்டுப் போனவர்கள் விண்ணப்பிக்கலாம், இரு தரப்பையும் விசாரித்துப் பதிய வேண்டும். ஐம்பது வருஷம் தாண்டிய சட்டம். நம்மில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்?

மூன்று. ஒவ்வொரு போகத்திலும் பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கலில் சாகுபடியாளராக உங்க பெயரை எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தால் தாசில்தாருக்கு மனு, ஒப்புதல் சீட்டு வாங்காமல் திரும்பாதீங்க. காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. கடைசி நாளில் சர்வர் வேலை செய்யாது என்பது உங்களுக்குத் தெரியும்.

நான்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கிராம சபை. நம்ம ஊரில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பட்டியலை நாமே எழுதி, கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுவோம். அரசு எடுக்காத கணக்கை ஊர் எடுக்கட்டும். பெண்கள் பெயரை விட்டுவிடாதீங்க. களை பறிப்பும் நடவும் அவங்க கையில், பட்டியலில் மட்டும் ஆம்பளை பெயர் என்றால் நாமும் அதே தப்பைத்தான் செய்கிறோம்.

ஐந்து. இந்த வேலைக்குப் புரோக்கர் வேண்டாம். ஐநூறு கொடு, முடித்துத் தருகிறேன் என்று வருகிறவரைச் சங்கத்திடம் கூட்டி வாருங்கள். எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும் சரி. உரிமையை ஒருத்தர் தயவு ஆக்கிவிட்டால் அடுத்த வருஷம் திரும்பவும் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

மத்திய அரசே! பிரதமர் கிசான் திட்டத்தில் குத்தகை, வாரச் சாகுபடியாளரையும், கோயில், மடத்து நிலத்தைச் சாகுபடி செய்வோரையும் சேர்த்திடு! 2019 பிப்ரவரி 1 என்ற தேதிக் கட்டுப்பாட்டை நீக்கிடு! 2019-லிருந்து ஏறாத 6,000 ரூபாயை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திடு!

மாநில அரசே! விவசாயி அடையாள எண்ணைப் பட்டா இல்லாமலும், சாகுபடியை நேரில் பார்த்து வழங்கிடு! 2024-ல் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினாயே, எந்தப் பயிர் என்று எழுதுகிற இடத்தில் யார் சாகுபடி என்றும் எழுதிடு!

நில உரிமையைப் பாதிக்காத சாகுபடி அட்டையை, சொந்தக்காரர் கையெழுத்து இல்லாவிட்டாலும் கிராம விசாரணையின் பேரில் வழங்கச் சட்டம் இயற்று!

கோயில், மடத்து நிலங்களில் வாரிசுப் பெயர் மாற்ற மனுக்களை முகாம் நடத்தி முடித்திடு! பேரிடர் நிவாரணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் உழுதவர் கணக்கில் செலுத்திடு!

பெருமக்களே! இது சும்மா ஊர் இல்லை. சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டிய ஒப்பந்தம் 1944-ல் ஏற்பட்டது இந்த மன்னார்குடியில். தஞ்சை ஜில்லாவின் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. அதை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. நம்ம காலத்திலேயே பார்த்தோம். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க உரிமம் கொடுத்தார்கள். பட்டாதாரர், குத்தகைக்காரர், கூலிக்காரர் என்று பார்க்காமல் ஊரே எழுந்தது. 2015-ல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்குக் கதவை மூடியது, 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே வந்தது. மண்ணைக் காப்பாற்றினோம். அந்த மண்ணில் நிற்கிற மனுஷனை ஏட்டில் ஏற்றுவது அடுத்த வேலை.

தாலுகா அலுவலகத்துக்கு வரும்போது கொடி மட்டும் கொண்டு வராதீங்க. ரசீது, ஆதார் நகல், சர்வே எண் எழுதிய தாள், மூன்றையும் எடுத்து வாருங்கள். குடும்பத்தோடு வாருங்கள், சோற்றுப் பொட்டலத்தோடு வாருங்கள். மனுவை வாங்கிப் பதிவு எண் கொடுக்கும் வரை எழுந்திருக்க மாட்டோம்.

உழுகிறவன் பெயர் அடங்கலில் ஏறட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!